காலி மனையில் ஒரு வருஷம்

பிள்ளைகளோடு ஒரே இடத்தின் இயற்கையை வருஷம் முழுக்கக் கவனிப்பது என்று போன சித்திரையில் ஆரம்பித்தோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. சென்னை மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்திலேயே ஒரு காலி மனை. ஒரு புங்கமரம், நாலைந்து எருக்கஞ்செடி, மீதியெல்லாம் புல்லும் மண்ணும். அதற்கு முன்பு இரண்டு தடவை பிள்ளைகளை மலைக்காடுகளுக்குக் கூட்டிப்போயிருந்தேன். போய்வந்த களைப்பில் எதுவும் அவர்கள் மனசில் தங்கவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் மாற்றம் கண்ணில் படும் என்று தோன்றியது. மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் அங்கே போய், பார்த்ததை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம்.

சித்திரை, வைகாசியில் 7 மணிக்கு மேல் நிற்க முடியாது. 6 மணிக்கே போய்விடுவோம். முதல் வாரமே மகன் குழிநரியைக் கண்டுபிடித்தான்; மண்ணில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் பூச்சிப்புழு அது. மதில் ஓரம், காய்ந்த பொடிமண்ணில் புனல் மாதிரி 17 குழிகள். மண்ணோடு அள்ளி உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். குழி தோண்டுவதும் அப்படிப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றித்தான். எறும்பு சறுக்கினால் அடியிலிருந்து மண்ணை வீசி அதைக் கீழே இறக்கும். புழுப் பருவம் முடியும்வரை அது கழிவே வெளியேற்றாது, சிறகு முளைத்த பிறகுதான் என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க இருவருக்கும் அதே பேச்சு. எறும்பைப் பிடித்துப் போட வேண்டாம், தானாக விழும்வரை காத்திருப்போம் என்றாள் மகள். இருபது நிமிஷம் குந்தியிருந்தோம். ஒன்று விழுந்தது.

புங்கம்பூ உதிர்ந்து தரை வெளுத்துக் கிடந்த காலையில், "யாருப்பா இங்க பொரியைக் கொட்டுனது?" என்றான் மகன். சங்கப் பாட்டிலும் உதிர்ந்த புங்கம்பூவுக்கு உவமை பொரிதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனி, ஆடிப் பக்கங்களில் அதிகம் இல்லை. காற்றில் பறந்த எருக்கம்பஞ்சைத் துரத்தினார்கள். எருக்கம்பால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் அந்தச் செடியைப் பிள்ளைகள் தொடவே கூடாது என்று கறாராக வைத்திருந்தோம்.

ஆவணியில் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன், நகர்ந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலைந்தை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். அது என் தவறு. உள்ளே வியர்த்து, இலை பூசணம் பிடித்து, மூன்றாம் நாள் எல்லாம் செத்துப்போயின. மகள் ஒரு வாரம் நோட்டைத் தொடவில்லை. அடுத்த தடவை அகல வாய் ஜாடி, மேலே மெல்லிய துணி, தினமும் புது இலை, சாய்வாக ஒரு குச்சி. புழு பச்சையாக மாறியபின் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டு நீளும். குப்பென்று ஒரு வாடை அடிக்கும். குச்சியில் கூட்டுப்புழுவாகி ஒன்பதாம் நாள் காலை வெளியே வந்தது. சிறகு உலரும்வரை இருவரும் பல்கூடத் தேய்க்கவில்லை.

ஐப்பசியில் மழைமானி. தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்தோம். அடிப்பாகம் வளைந்திருப்பதால் முதல் வார அளவெல்லாம் தப்பு. பிறகு அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதிவரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறித்தோம். சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள்தான் கிடைக்கிறது. அளப்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஓர் இரவில் 60 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். எங்கள் மொட்டைமாடி ஏறக்குறைய 200 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்துவிட்டு மகள் எழுந்து நின்றாள்: "அப்பா, 12,000 லிட்டர்! கோடையில நம்ம வாங்குற ஒரு லாரித் தண்ணி!" அந்தக் கணக்கை அவளே குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னாள். அடைபட்டுக் கிடந்த மழைநீர்க் குழாயை அந்த வாரமே சுத்தம் செய்தார்கள்.

மழைக்காலத்தில் மனைக்குள் போக பூட்ஸ் கட்டாயம். பாம்பு இருக்கலாம் என்பதால் நான் கம்பால் தட்டிக்கொண்டே முன்னால் போவேன். தெருவில் தேங்கிய தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. தவளைச் சத்தத்தைப் பால்கனியில் நின்றே கேட்டோம்.

தை மாதம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தோம். 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்தவற்றைப் பதிந்தால் போதும். காகம், மைனா, மாடப்புறா, செண்பகம், கரிச்சான், தவிட்டுக்குருவி, ஊதாத் தேன்சிட்டு, பச்சைக்கிளி என எட்டு வகை எங்கள் மனையிலேயே. மறுநாள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போனோம்; உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். சாலையோரம் நின்றே நீலத் தாழைக்கோழியைக் காட்ட முடிந்தது.

இப்போது பங்குனி. புங்கமரம் இலையெல்லாம் கொட்டியபோது செத்துப்போச்சா என்று மகன் அழுதான். பத்து நாளில் தளிர் பளபளவென்று வந்துவிட்டது. மழையில் அழிந்துபோன குழிநரிக் குழிகளும் மதில் ஓரம் மறுபடி தெரிகின்றன. நேற்று மூன்று. நோட்டில் அந்த 3ஐ அவனே எழுதினான்.