கச்சான் வீசும் கரைகள்: மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை

பங்குனிப் பாதியிலிருந்து வைகாசி முடியும்வரை வன்னிக்கு வருகிறவர்களில் பலர் ஒரே பிழையைச் செய்கிறார்கள். உள்நாட்டில் வெயில் கொளுத்துகிறது, கடற்கரைப் பக்கமாகப் போனால் குளிர்ச்சியாக இருக்கும் என்று பயணத்தைப் போடுகிறார்கள். மன்னாரில் அது சரி. முல்லைத்தீவில் பல நாள்களில் நேர்மாறு. கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

கடற்கரைச் சனத்திடம் அதற்கு நாலு பெயர் இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தென்மேற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். (வறுத்துத் தின்னும் கச்சானுக்கும் இதே பெயர்தான், கடைக்காரரிடம் கேட்கும்போது "கச்சான் காத்து" என்றே சொல்லுங்கள்.) மார்கழி, தையில் அடித்த வாடை மாசியோடு தளரும். பங்குனியும் சித்திரை முற்பாதியும் இடைக்காலம். வைகாசியில் சோளகமும் கச்சானும் நிலைகொள்ளும். இந்த இரண்டு காலத்துக்கும் பயண ஒழுங்கு வேறுவேறு.

முதலில் இடைக்காலம். ஏப்ரல் 12 முதல் 15 வரை வன்னியின் உச்சந்தலைக்கு மேலே சூரியன் நிற்கும். முதலில் வவுனியா, பிறகு மன்னார், முல்லைத்தீவு, கடைசியாகக் கிளிநொச்சி. பகல் 12.10 அளவில் நட்ட தடியின் நிழல் அதன் காலடியிலேயே விழும். அந்த நேரத்தில் மரத்துக்குக் கீழே மட்டுமே நிழல் இருக்கும், மதில் ஓரத்தில் இருக்காது. விடியற்காலையில் இலை அசையாது. பத்து மணி கடந்ததும் இரு கரையிலும் கடற்காற்று ஏறும், மன்னாரில் மேற்கிலிருந்து, முல்லைத்தீவில் கிழக்கிலிருந்து. இரண்டும் நடுநிலத்தில் முட்டிக்கொள்கிற இடத்தில் முகில் கறுத்துக் குவியும். வவுனியா, மாங்குளம் பக்கத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடி கேட்பது இதனால்தான்.

ஆபத்து மழைக்கு முன்னாலேயே வருகிறது. மழை விழும் முகிலுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டி, தரையில் பரவி, புழுதியை அள்ளிக்கொண்டு முன்னே ஓடி வரும். வெக்கையில் தவித்தவருக்கு அந்தக் குளிர் சுகமாக இருக்கும். அதற்காக நின்று அனுபவிக்க வேண்டாம். சில நிமிடங்களில் மின்னல் தலைக்கு மேல் வந்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடி என்றால் பத்துக் கிலோமீற்றர் தூரம். அதற்குள் வந்துவிட்டால் குளக்கட்டு, வயல்வெளி, தனிப்பனை மூன்றையும் விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள்ளோ இருக்கவேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகாமல் வெளியே வரக்கூடாது. ஓட்டோவின் சீலைக்கூரை மின்னலுக்குப் பாதுகாப்பல்ல.

இனி வைகாசிக் காற்று. மன்னாரில் அது கடலிலிருந்து நேரே வருவதால் ஈரமும் பலமும் உள்ளது. மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளே நல்ல திசைகாட்டி: இறக்கை பூட்டிய முகம் எப்போதும் காற்று வரும் பக்கம் திரும்பியிருக்கும். அவை தென்மேற்கைப் பார்த்து வேகமாகச் சுழன்றால் அன்று தலைமன்னார் மணல்திட்டுப் பக்கம் பட்டமும் பலகையுமாகக் கடலில் சறுக்குகிறவர்களுக்குத்தான் நாள். குளிக்க வந்தவர்களுக்கு இல்லை. மணல் கணுக்காலில் ஊசிபோலக் குத்தும். கமெராவை உறையை விட்டு எடுக்கவேண்டாம், லென்ஸ் மாற்றவே வேண்டாம். மன்னார்ப் பாலத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்கள் 40க்கு மேல் போகாமல், கைகளை இறுக்காமல், முழங்காலால் பெற்றோல் தாங்கியை அணைத்தபடி போனால் வண்டி இழுக்காது.

மன்னாரிலிருந்து ஏ32 வீதி விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் வழியாகப் பூநகரிக்குப் போகிறது. சைக்கிள்காரர்கள் மே முதல் செப்டெம்பர்வரை இந்தப் பாதையை மன்னாரில்தான் தொடங்கவேண்டும். எதிர்ப்பக்கமாக வந்தால் நாள் முழுக்கச் சோளகத்தை நெஞ்சால் தள்ளவேண்டியிருக்கும். ஆனால் முதுகுக்காற்றிலும் ஒரு பொறி உண்டு. மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் போக, காற்றும் அதே வேகத்தில் பின்னால் வந்தால் உடம்பில் காற்றே படாது. கால் வலிக்காது, தூரம் குறையும், உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். முதுகுக்காற்று நாளில்தான் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் இறங்கி நிழலில் நிற்கவேண்டும். விடத்தல்தீவு தாண்டினால் கடைகள் ஐதாகும். கரையோரக் கிணறுகள் பல உவர். தண்ணீரை மன்னாரிலேயே நிரப்புங்கள், ஆளுக்கு ஐந்து லீற்றர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலைசுற்றும், கெண்டைக்கால் இழுக்கும். ஜீவனி என்ற உப்பும் சீனியும் கலந்த தூள் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பைக்கற்றை அரைப் போத்தலுக்குக் கண்ணளவில் போடவேண்டாம். பைக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தட்டிய தேக்கரண்டியால் ஆறு சீனி, அரை உப்பு. உப்புக் கூடினால் தாகம் தீராது, வயிறும் பிரட்டும்.

வீதியோரத்தில் வத்தகப்பழமும் வெள்ளரிப்பழமும் கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளரிப்பழம் பழுத்ததும் வெடிக்கும், அதனால்தான் ஓலையால் கட்டிவைத்திருப்பார்கள். சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிட்டால் ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் சமன்.

பூநகரியில் கௌதாரிமுனைப் பக்கம் மணல்மேடுகள். காற்று நாளில் வெள்ளை மணல் தார்மேல் நாக்குப்போல ஏறிக் கிடக்கும். வளைவில் அதன்மேல் பிறேக் பிடித்தால் முன்சில்லு வழுக்கும், அதனால் மணலுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைப் பார்க்க விரும்பினால் காலையில் பாருங்கள். பரந்தனுக்கு வரும்வரை வேறு சொல்ல ஒன்றுமில்லை, வெளியும் வெக்கையும்தான். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே ஆனையிறவில், நம்மை வாட்டும் இதே வெயிலும் காற்றும் உப்பு விளைவிக்கின்றன. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பாத்தி பாத்தியாக மாற்றி வற்றவைத்துத்தான் அதைப் பூக்கச் செய்கிறார்கள். ஒரு சித்திரை மழை பத்தே நிமிடம் பெய்தாலும் விளைந்த பாத்தி கரைந்துபோகும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதி தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்குத் தென்கிழக்காக ஓடுகிறது. சோளகம் இங்கே வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். எதிரே வரும் லொறியும் வலப்பக்கத்தில்தான் கடக்கும். லொறி காற்றை மறைக்கும் அந்தக் கணத்தில், காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருக்கும் மோட்டார்சைக்கிள் லொறிப் பக்கம் இழுபடும். லொறி கடந்ததும் ஒரே அறையாக இடப்பக்கம் தள்ளும். லொறி தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள், ஆனால் தாரின் விளிம்புவரை போகாதீர்கள். வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கமானது. மாரி வெள்ளத்துக்குப் பிறகு போக்குவரத்து எப்படி என்று புதுக்குடியிருப்பில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இதற்குள் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வந்துவிடும்: கடல் கிட்ட வருகிறதே, ஏன் இன்னும் அனல்? மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நிலம். மன்னாரில் ஈரமாக ஏறிய காற்று காய்ந்த காடு, வெட்டிய வயல், வற்றிய குளம் எல்லாவற்றையும் தடவிக்கொண்டு முல்லைத்தீவில் கச்சானாக இறங்குகிறது. அது பலமாக வீசும் நாளில் கிழக்கிலிருந்து வரவேண்டிய கடற்காற்று கரையேற முடியாமல் கடலிலேயே நின்றுவிடும். கரையில் நிற்பவரின் முதுகில் அடுப்புக் காற்று, கண்முன்னே நீலக் கடல். வியர்வை வந்தவுடனே காய்வதால் உடம்பு நீரிழப்பது தெரியாது. சிறுநீர் கடும் மஞ்சளானால் அதுதான் அடையாளம். இந்தக் காய்ந்த காற்றில் தோய்த்த துவாயைக் கழுத்தில் போட்டால் நன்றாகக் குளிரும். ஈரக்காற்றுள்ள மன்னாரில் அதே துவாய் அவ்வளவு உதவாது. ஒருவர் பேச்சுக் குழறி, தடுமாறி, தோல் சுட்டால் அது வெறும் களைப்பல்ல. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம்.

கச்சான் நாளில் முல்லைத்தீவுக் கடல் குளம்போலக் கிடக்கும். அதை நம்பி இறங்குகிறார்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. பிள்ளையின் பந்து, ரெஜிபோம் துண்டு, காற்றடைத்த ரியூப் எல்லாம் வெளியே போகும், திரும்பி வராது. துரத்தி நீந்தவேண்டாம். பந்து போனால் போகட்டும்.

மே 18 நினைவேந்தலுக்கு முள்ளிவாய்க்காலுக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. முற்பகல் முழுக்க வெளியில் நிற்கவேண்டும். வயதான அம்மாமாரை முன்னேயே தண்ணீரோடு நிழலில் இருத்துங்கள். தருகிற கஞ்சியில் அரிசியும் தண்ணீரும் உப்பும் இருக்கின்றன. மறுக்காமல் குடியுங்கள், குடிக்கச் செய்யுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும் இதே காற்றில்தான் வருகிறது. கடல்நீரில் விளக்கெரியும் என்று அடியார்கள் நம்பும் கோயில் அது. காவடியோடு வெறுங்காலில் வருகிறவர்களுக்குப் பகல் மணல் கொப்புளம் போடும். வெயில் ஏறுமுன் அல்லது பொழுது சாய்ந்தபின் நடக்கிற மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் தேடிப் பற்றைக்குள் இறங்கும்போது சிவப்பு அபாயப் பலகை இருந்தால் ஓரடிகூட வைக்காதீர்கள். மிதிவெடி அகற்றாத நிலம் இன்னும் இருக்கிறது. திரும்பும் பாதை ஒட்டுசுட்டான், மாங்குளம் என்றால் முல்லைத்தீவை நாலரைக்கே விடுங்கள். குளங்கள் வற்றும் காலத்தில் மம்மல் நேரத்தில் யானைகள் தண்ணீருக்காக வீதி கடக்கும், பலத்த காற்றில் கிளை முறியும் சத்தம் உங்களுக்குக் கேட்காது.