0.30 என்று ஒட்டியிருந்த போத்தல்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்கியதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளை எழுதும் விடையை வைத்தே சொல்லிவிடலாம் என்று நான் நம்பியிருந்தேன். திருகோணமலையில் நான் அப்போது பணியாற்றிய பாடசாலையின் ஆய்வுகூடத்தில், கச்சான் காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் நான் விட்ட பிழைதான் அந்த நம்பிக்கையைக் குலைத்தது.

அன்றைய செய்முறை, றியோ என்னும் அலங்காரச் செடியின் இலை மேற்றோற் கலங்களின் கரைய அழுத்தத்தை, அதாவது கலச்சாற்றில் கரைந்துள்ள பொருள்கள் நீரை இழுக்கும் அளவை, துணிதல். அந்த இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானது. சவர அலகால் மெல்லக் கீறி இடுக்கியால் இழுத்தால், வெங்காயச் சருகிலும் மெல்லிய ஒரு படை கழன்று வரும். கலங்களின் புன்வெற்றிடத்தில் (கலச்சாறு நிறைந்த பையில்) அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் கரைந்திருப்பதால், சாயம் எதுவும் ஏற்றாமலே நுணுக்குக்காட்டியில் அவை ஊதாக் கட்டங்களாகத் தெரியும். செறிவு கூடிய சுக்குரோசுக் கரைசலில் அந்தப் படையை ஊறவிட்டால் நீர் வெளியேறி, கலத்தின் உயிருள்ள உட்பகுதியான முதலுரு கலச்சுவரை விட்டு விலகி, ஊதா நிறம் நடுவிலோ ஓர் ஓரத்திலோ ஒதுங்கிப்போகும். கலங்களிற் சரிபாதி இவ்வாறு சுருங்கியிருக்கும் செறிவைக் கண்டுபிடித்தால், அக்கரைசலின் கரைய அழுத்தத்தையே கலச்சாற்றின் கரைய அழுத்தமாகக் கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் கலச்சுவர் உள்ளே கொடுக்கும் அமுக்கம் பூச்சியமாகிவிடுகிறது என்பதே இதற்குக் காரணம்.

இதை வகுப்பில் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் எண்ணி முடிக்க இரண்டு பாடவேளை போதாது. ஒரு மூலையில் மட்டும் நகக்கீறலளவு விலகியிருக்கும் கலத்தைச் சுருங்கியதாகச் சேர்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும். பார்வைப் புலத்தின் விளிம்பில் பாதி மட்டும் தெரியும் கலங்கள் வேறு. மின்விசிறியைப் போட்டால் பெத்திரிக் கிண்ணத்து நீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும் என்பதால், எங்கள் ஊர் வெக்கையில் விசிறியையும் நிறுத்திவிட்டு, கண்ணை வில்லையில் வைத்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எண்ண வேண்டும்.

ஐந்து குழுக்களில் நான்கு, ஒவ்வொரு செறிவிலும் சுருங்கிய கலங்களின் வீதத்தைக் குறித்து அழகான வளையிகளை வரைந்து தந்தன. எங்கள் ஆய்வுகூடத்தில் வழக்கமாக வருவதுபோல 0.20 மோலருக்கும் 0.25 மோலருக்கும் இடையில் ஐம்பது வீதம் வந்திருந்தது. ஐந்தாவது குழுவின் தாளில் 0.30 மோலர்க் கரைசலிற்கூட 52 கலங்களில் 7 மட்டுமே சுருங்கியதாக எழுதியிருந்தது. உரித்த படையைக் கரைசலில் சரியாக அமிழ்த்தாமல் விட்டிருப்பார்கள் என்று நானே முடிவுகட்டி, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மூதூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை ஒருத்தி எழுந்து, "மூண்டு தரம் எண்ணினம் ரீச்சர், இவ்வளவுதான் வந்தது" என்றாள். நான் சிவப்புப் பேனையால் 'மீண்டும் செய்க' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை, சமாந்தர வகுப்புக்காக மீண்டும் கரைசல் தயாரிக்கப் போனபோதுதான் விடயம் வெளிப்பட்டது. ஒரு லீற்றர் ஒரு மோலர்க் கரைசலுக்கு 342 கிராம் சுக்குரோசு தேவை என்பதால், 500 மில்லிலீற்றர் ஒரு மோலர்க் கரைசலுக்கு 171 கிராம் வேண்டும். என் குறிப்பில் 171 என்றே இருந்தது. ஆனால் நான் எடுத்துப் பாவித்த குடுவை ஒரு லீற்றர்க் குடுவை. அதன் கழுத்துக் கோடு வரை நீர் விட்டிருக்கிறேன். எல்லாப் போத்தல்களுக்கும் ஐதாக்கி எடுத்த மூலக் கரைசலே அரை மோலராகத்தான் இருந்திருக்கிறது. 0.30 என்று நான் ஒட்டிய போத்தலில் உண்மையில் இருந்தது 0.15. அந்தச் செறிவில் 52 இற்கு 7 என்பது நியாயமான எண்ணிக்கை.

என் பிழையை விளங்கிக்கொண்ட பிறகுதான் மற்ற நான்கு வளையிகளும் நினைவுக்கு வந்தன. அந்தக் கரைசல்களை வைத்துக்கொண்டு அப்படியொரு வளையியை எவராலும் பெற்றிருக்க முடியாது. முந்திய ஆண்டு அக்காமாரின் செய்முறைக் கொப்பிகள் கைமாறி வருவது எனக்குத் தெரியாததல்ல.

அந்தப் பிள்ளைகளில் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் செய்முறைக்கென்று தனிப் பரீட்சை கிடையாது. முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலம் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் என்று எல்லாமே எழுத்தில்தான் முடிகின்றன. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. எங்கள் மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருந்தும், மருத்துவ பீடத்துக்கான இசட் புள்ளியில் (அனுமதிக்காகப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக மாற்றிய புள்ளியில்) தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்றாம் நான்காம் இலக்கங்களே ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகின்றன. அப்படியிருக்க, வியர்க்க வியர்க்கக் கலம் எண்ணுவதைவிடக் கொப்பியைப் பார்த்து எழுதிவிட்டு ரியூசனுக்கு ஓடுவது அவர்களுக்குக் கெட்டித்தனமாகவே தெரிந்திருக்கும். நான் மாணவியாக இருந்த காலத்தில் என் தரவும் என் சொந்தத் தரவாக எப்போதும் இருந்ததில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுவதுதான் முறை.

வகுப்பில் என் பிழையைச் சொன்னேன். மூதூர்ப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மற்ற நான்கு குழுக்களும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களிடம் நான் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டுமா என்பது பற்றி எனக்கு இன்றும் இரண்டு எண்ணங்கள் உண்டு.

ஆனால் பிறப்புரிமையியல் அலகுக்கு வந்தபோது, வழக்கமாகச் சொல்லாத ஒன்றை அந்த வகுப்புக்குச் சொன்னேன். பாரம்பரிய விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 1866 இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டாம் தலைமுறைப் பட்டாணியில் 5474 உருண்டை விதைகளையும் 1850 சுருங்கிய விதைகளையும் கணக்குக் காட்டியிருக்கிறார். விகிதம் 2.96 இற்கு 1; அவருடைய விதிப்படி எதிர்பார்ப்பது 3 இற்கு 1. புள்ளிவிபரவியலாளர் றொனால்ட் பிஷர் 1936 இல் மெண்டலின் எண்ணிக்கைகளை ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்து, அவை எதிர்பார்த்த விகிதங்களோடு அளவுக்கு மிஞ்சிப் பொருந்துகின்றன என்று காட்டினார். அதுபற்றிய வாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. மெண்டலின் விதிகள் அதனால் ஆட்டங்காணவில்லை. பின் வாங்கிலிருந்து ஒருவன், "அப்ப அவருக்கும் ஆரோ அண்ணன்ர கொப்பி கிடைச்சிருக்கு ரீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. அந்த நான்கு குழுக்களில் இருந்தவர்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு இந்தச் செய்முறைக்கான கரைசல்களின் செறிவை நான் போத்தலில் எழுதுவதில்லை. அ, ஆ, இ என்று மட்டும் ஒட்டி, எண்ணிக்கைகள் எல்லாம் கரும்பலகையில் ஏறிய பிறகே செறிவைச் சொல்கிறேன். வளையிகள் முன்போல அழகாக வருவதில்லை. கரைசலைத் தயாரிப்பதும் இப்போது பிள்ளைகளே. நான் பக்கத்தில் நின்று குடுவையின் கழுத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தத் தவணையில் 'ஈ' போத்தலுக்கு ஒரு குழு 31 என்றும் இன்னொரு குழு 19 என்றும் சொல்ல, விலகல் தொடங்கிய கலத்தை எண்ணலாமா கூடாதா என்று இரண்டு குழுக்களும் சண்டை பிடித்துக்கொண்டன. நிலாவெளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருத்தி புத்தகப் பையைத் தூக்கினாள். போகும்போதும், "நாளைக்கு நாங்க வந்து எண்ணிக் காட்டுறம், வழுக்கியை எடுத்துப் போடாதீங்க ரீச்சர்" என்று சொல்லிவிட்டே ஓடினாள். நாளைக்குள் வழுக்கிக் கண்ணாடியில் இருக்கும் அந்த உரி காய்ந்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதிதாக உரிப்பதற்கு, பாடசாலை வாசலோரப் பாத்தியில் நின்ற றியோவில் இரண்டு இலைகளைப் பறிக்காமல் விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.