பசலி 1400க்குக் கீழே ஒரு காலிக் கட்டம்

நீர் இறைக்கும் மின்செலவுக்காக நான் போட்ட அட்டவணையில், பசலி 1400க்குப் (பசலி என்பது வருவாய்க் கணக்கின் ஆண்டு) பிறகு வரும் கட்டங்களை நிரப்பாமல் விட்டது சரி என்றுதான் இன்றைக்கும் வாதாடுவேன். வாதாடி முடித்ததும் ஓய்வுபெற்ற வயர்மேன் ஐயா சொன்னது வந்து நிற்கும்: "தம்பி, நீங்க காலியா விட்டா அவங்க அதுல சைபர் போட்டுக்குவாங்க."

கேட்கப்பட்டது ஒரே ஒரு தொடர். கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதில், நீர் இறைக்க எவ்வளவு மின்சாரம் கூடுதலாகச் செலவானது? ஆண்டு வாரியாக வேண்டும், கடைசியில் ரூபாயாக வேண்டும். பழைய ஆண்டுகளைத் தோண்ட எரிசக்தி வரலாற்றுக்காரன் வேண்டும், ரூபாயாக்கப் பொருளாதார ஆலோசகன் வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருக்கும்போது அவனுக்குள்ளேயே இழுபறி தொடங்கிவிடுகிறது. வரலாறு எழுதுகிறவன் தரவு இல்லாத இடத்தை இல்லை என்றே காட்டலாம். ஆலோசகனிடம் எல்லோரும் எண் கேட்கிறார்கள். மானியமும் இழப்பீடும் அந்த எண்ணை வைத்துத்தான் நகர்கின்றன.

கணக்கின் அடிப்படை கடினமில்லை. ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த 9.81 கிலோ ஜூல் போதும். அதாவது இழப்பே இல்லாவிட்டால் ஒரு யூனிட் மின்சாரம் 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் தூக்கும். வயலில் இருக்கும் பம்புசெட் அதில் மூன்றில் ஒரு பங்கு தூக்கினாலே நல்ல செட். சோதிக்க 200 லிட்டர் டிரம் ஒன்றும் கடிகாரமும் மோட்டார் இழுப்பதை அளக்கக் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் போதும். டிரம் 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். ஓடும்போது நீர்மட்டம் 30 மீட்டர் கீழே என்றால் நீருக்குப் போய்ச் சேரும் திறன் ஏறத்தாழ 1.5 கிலோவாட். மோட்டார் இழுப்பது 4.5 என்றால் மொத்தச் செயல்திறன் 33 சதவீதம்.

நீர்மட்டத்தின் பழைய வரலாறு கிடைப்பதுதான் கடினம். கிணறு எத்தனை அடி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் எத்தனை பைப் இறக்கினோம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 20 அடி பைப் பத்து என்றால் 200 அடி, 60 மீட்டருக்குச் சற்று மேல். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு ஊதிப்போகும். மோட்டாரை எப்போதும் நீர்மட்டத்துக்குப் பல அடி கீழேதான் தொங்கவிடுவார்கள், கோடையில் காற்று வாங்கக் கூடாது என்று. நிற்கும் மட்டம், ஓடும் மட்டம், மோட்டார் தொங்கும் ஆழம் மூன்றும் வேறு வேறு. நடுவில் இருப்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதைத்தான் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். கிராமக் கணக்கில் அடங்கல் இருக்கிறது. எந்தச் சர்வே எண்ணுக்கு எந்தப் பாசனம், என்ன பயிர் என்பது பசலி வாரியாகக் கிடைக்கும். கிணற்றுப் பாசனத்தில் கரும்பு ஏறியதா, மணிலா (நிலக்கடலை) ஏறியதா என்று பார்த்தால் நீர்த் தேவை பிடிபடும். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது. மின்வாரியக் கணக்கோ ஏப்ரலில் தொடங்குவது. இரண்டையும் மாத வாரியாகப் பிரித்துச் சேர்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் கோடைப் பாசனம் தவறான ஆண்டில் போய் விழும்.

இதுவரை உழைப்புதான், சங்கடம் இல்லை. சங்கடம் பசலி 1400இல் தொடங்குகிறது. அது 1990-91. தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது, 1990இல் எல்லா விவசாயிகளுக்கும். அதன் பிறகு விவசாய இணைப்பில் எத்தனை யூனிட் ஓடியது என்பது மீட்டர் காட்டிய அளவு இல்லை, கழித்து வரும் மீதி. ஃபீடரில், அதாவது ஊருக்கு வரும் மின்பாதையில், போனது 100 யூனிட், மீட்டர் உள்ள வீடு, கடை எல்லாம் சேர்ந்து 40 என்றால் மிச்சம் 60. அதில் கம்பியில் போன இழப்பு 15 என்றால் விவசாயம் 45. இழப்பு 25 என்றால் விவசாயம் 35. ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. நீண்ட தாழ்வழுத்தக் கம்பி, கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் குறைவு, அதனால் மோட்டார் ஆம்பியர் கூடுதலாக இழுப்பது, சுருள் எரிவது, ஊரிலேயே கட்டிய மோட்டார் பலகையில் 5 குதிரைத்திறன் என்று இருந்தாலும் ஏழரை இழுப்பது என்று எல்லாம் இந்த மீதிக்குள்தான் கிடக்கின்றன. இழப்பைக் குறைத்துக் காட்டினால் விவசாய மானியம் பெரிதாகத் தெரியும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு தரப்புக்கு ஆதாயம்.

ஆனால் நான் தொடரை அங்கே வெட்டியதற்கு இதுகூடப் பெரிய காரணம் இல்லை. நீர் இறங்கினால் மின்செலவு ஏறும் என்பது மீட்டரும் தட்டுப்பாடில்லாத மின்சாரமும் இருக்கும் இடத்தில்தான் உண்மை. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான் என்றால் நிலைமை தலைகீழ். தூக்க வேண்டிய உயரம் கூடினால் அதே பம்பு குறைவான நீரைத் தரும். அது இழுக்கும் மின்சாரம் பெரிதாக மாறாது. ஓடும் நேரமும் மாறாது, வாரியம் தரும் நேரம்தானே. ஆக யூனிட் அப்படியே நிற்க, நீர் குறைகிறது. அந்தத் தொடர் காட்டுவது விவசாயியின் தேவையை அல்ல, வாரியம் கொடுத்த நேரத்தை. 1984க்கு முன் யூனிட் ஒன்றைச் சொன்னது, 1990க்குப் பின் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே கோடாக இழுத்தால் படம் அழகாக இருக்கும், பொருள் இருக்காது. அதனால் பசலி 1400க்குப் பிறகு கட்டங்களைக் காலியாக விட்டு, கீழே காரணத்தை முழுப் பத்தியாக எழுதினேன்.

வேலையைக் கொடுத்தவர்கள் தரப்பில் இருந்தவர் நடுமதிப்பாவது போடச் சொன்னார். அடியும் முடியும் தெரியாத வரம்புக்கு நடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், பத்தியை யாரும் கோப்பில் நகல் எடுக்க மாட்டார்கள், அட்டவணையைத்தான் எடுப்பார்கள்" என்றார். வயர்மேன் ஐயா சொன்னதன் அலுவலக வடிவம்தான் அது என்று அப்போது தோன்றவில்லை. இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்து ஆட்கள். ஒருவர் வசதிக்குச் சொன்னார், மற்றவர் எச்சரிக்கையாகச் சொன்னார். சொன்னது ஒன்று.

பிறகு நடந்ததும் அதுதான். தொகுப்பு அறிக்கையில் 1990 வரைக்கும் செலவு ஏறுகிறது, அதற்குப் பின் "மின்சாரம் இலவசம், எனவே விவசாயிக்குக் கூடுதல் செலவு இல்லை" என்று ஒரு வரி. என் பத்தி அதில் இல்லை. அந்த வரியை நான் எழுதவில்லை. ஆனால் அது உட்கார இடம் கொடுத்தது என் காலிக் கட்டமா என்பதில் எனக்கு உறுதியான பதில் இல்லை.

நீர்மட்டம் இறங்கியதன் காரணங்களைப் பிரிப்பதிலும் இதே கதைதான். பக்கத்து நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோதுதான் பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். அதன் அழுத்தத்தைப் பம்பு வைத்துக் குறைக்காமல் சுரங்கத்தின் அடித்தளம் நிற்காது. 1957இல் சுரங்கம் தொடங்கி 1961இல் கரியைத் தொட்டார்கள். இறைப்பும் அங்கிருந்தே தொடர்கிறது. அதே கடலூர் மணற்கல் படுகையில்தான் ஊர்க்காரர்களின் ஆழ்துளைக் கிணறுகளும் வருடா வருடம் கூடின. இலவச மின்சாரம் அதற்கு மேல் வந்தது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று. சுரங்கத்துக்கு எத்தனை சதவீதம், பம்புசெட்டுக்கு எத்தனை என்று ஆண்டு வாரியாகப் பிரிக்க, அந்தந்த ஊர் அவதானிப்புக் கிணறுகளின் மாதாந்தர அளவு தொடர்ச்சியாக வேண்டும். யூனிட் கணக்கை வைத்துப் பிரிப்பது முடியாத காரியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பின்னர் பாகூர்ப் பக்கம் இதே மாதிரி வேலை வந்தபோது, என் வாதத்துக்கு நானே எதிராகப் போனேன். அங்கே எல்லையே பின்னிக் கிடக்கிறது. ஒரு வயல் புதுச்சேரி, அடுத்தது கடலூர். கீழே படுகை தொடர்ச்சி, மேலே இரண்டு மின் துறை, இரண்டு விதக் கணக்கு. கட்டத்தைக் காலியாக விடவில்லை. யூனிட்டை விட்டுவிட்டு, விவசாயி கையிலிருந்து போன காசை மட்டும் எடுத்தேன். கூடுதலாக இறக்கிய பைப், மறுபடி துளை போட்ட கூலி, சுருள் கட்டிய பில், பெரிய மோட்டாருக்கு மாறியதன் விலை வித்தியாசம். பில் இருப்பவர்களிடம் மட்டும். அதைக் "குறைந்தபட்சம்" என்று தலைப்பிட்டு அட்டவணைக்குள்ளேயே வைத்தேன். நீர் இறக்கத்தின் செலவாக அது முழுமையில்லை. ஆற்றல் கணக்கும் இல்லை. முதல் வேலையில் வைத்த அளவுகோலால் பார்த்தால் அதுவும் போடக்கூடாத எண்தான்.

போட்டேன். வயர்மேன் ஐயாவிடம் காட்டியபோது அவர் திருப்தியாகவில்லை. கோடையில் தண்ணி எட்டாமல் தரிசாகப் போட்ட காணியை எந்த பில்லில் சேர்த்திருக்கிறேன் என்று கேட்டார். அடங்கலில் தரிசு என்று இருக்கும், எதனால் தரிசு என்று இருக்காது. அந்த வரிசையைச் சேர்க்கலாமா, சேர்த்தால் எந்த விளைச்சலை வைத்து விலை போடுவது என்பதில்தான் இப்போது நிற்கிறேன்.