"எக்ஸ்ரே எங்க கண்ணு எடுக்கறாங்க?"

எங்கள் கடை செவ்வாய்ப்பேட்டையில். அப்பா தகரத்தில் எனாமல் பெயிண்டால் கையெழுத்தாகவே போர்டு எழுதியவர். நான் வினைல் ஸ்டிக்கர், ஏசிபி என்கிற அலுமினிய ஷீட் என்று மாறிவிட்டேன். போன வருடம் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உள்ளே இருக்கும் வழிகாட்டிப் பலகைகளை எல்லாம் மாற்றும் வேலை வந்தது. நாலு மாதம் பிடித்தது. இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பழைய வாசகங்களையே புது ஷீட்டில் அடித்துத் தரச் சொல்லித்தான் நிர்வாகம் கேட்டது. அளவெடுக்கப் போன அன்று மாடிப்படி அருகே ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்ஸ்ரே எங்க கண்ணு எடுக்கறாங்க?" என்றார். அவர் தலைக்கு மேலேயே அம்புக்குறியோடு பலகை தொங்கியது. 'கதிரியக்கவியல் துறை' என்று இருந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரியும், கையிலிருந்த சீட்டை எனக்கு வாசித்தே காட்டினார். ஆனால் சீட்டில் எக்ஸ்ரே என்றுதான் இருந்தது. அவரைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு நேரே மேலாளரிடம் போனேன். மூன்று நாள் கொடுங்கள் சார், சும்மா நின்று பார்க்கிறேன் என்றேன்.

காலை ஏழு மணிக்கு ஓபி சீட்டு வரிசை தொடங்கும்போதே வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் நோட்டோடு நின்றுகொள்வேன். யார் எதைக் கேட்டார்கள், எந்த இடத்தில் நின்று கேட்டார்கள் என்று குறித்தேன். இடம்தான் முக்கியம். தருமபுரியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய அதே ஐந்தாறு இடங்களில்தான் திகைத்து நின்றார்கள். ஓபி ஹால் முடிந்து வராண்டா இரண்டாகப் பிரிகிற இடம் ஒன்று. லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே இருக்கும் வெறும் சுவர் இன்னொன்று. அங்கெல்லாம் ஒரு பலகைகூட இல்லை. இருந்த பலகைகள் அந்தந்த அறையின் வாசலிலேயே மாட்டியிருந்தன.

சாய்தளத்துக்கும் இதே கதி. சக்கர நாற்காலி படம் சாய்தளத்தின் மேலேயே ஒட்டியிருந்தது, சாய்தளமோ கட்டடத்தின் பின்பக்கம். முன்வாசல் படிக்கட்டில் அப்பாவைத் தூக்கலாமா என்று ஒரு பையன் தவித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை 1968-இல் முதலில் வரைந்தவர் சூசன்னே கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்ததில் தலை கிடையாது, வெறும் நாற்காலிதான். அப்புறம்தான் தலைக்கு ஒரு வட்டம் சேர்த்து அதை மனிதராக்கினார்கள். இன்று எந்த ஊர்க்காரருக்கும் புரிகிற படம் அது. அதை நாங்கள் முதலில் மாட்டியது முன்வாசல் படிக்கட்டின் அடியில்.

சொற்களுக்காகத்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. 'எக்ஸ்ரே, ஸ்கேன்' என்று பெரிதாகவும், கீழே சிறிதாகக் கதிரியக்கவியல் என்றும் போடலாம் என்றேன். தமிழைக் குறைப்பதாக ஒரு மூத்த டாக்டர் வருத்தப்பட்டார். எனக்கும் தமிழ்தான் சோறு போடுகிறது, ஐயா. ஆனால் வலியோடு நிற்கிறவர் வாயில் வருகிற சொல்தான் பலகையிலும் இருக்க வேண்டும் என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். மூன்று நாளில் ஒருவர்கூடக் கதிரியக்கவியல் என்று கேட்கவில்லை. ஒப்புக்கொண்டார். 'முதல் தளம்' என்பதையும் எடுத்துவிட்டு, லிஃப்ட் பொத்தானில் இருக்கும் எண்ணையே பலகையிலும் போட்டோம்.

ஷீட் வெட்டும் முன் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து ஒரு வாரம் ஒட்டிப் பார்த்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். நேராகப் போகவும் என்பதற்கு மேல்நோக்கிய அம்பு போடுவதுதான் பொதுவான வழக்கம். நானும் போட்டேன். பக்கத்தில் மாடிப்படி இருந்ததால் ஆட்கள் மேலே ஏறிப் போய்விட்டார்கள். பலகையைப் படிக்கட்டைத் தாண்டித் தொங்கவிட்டு, 'நேராக' என்று எழுத்திலும் சேர்த்த பிறகுதான் சரியானது.

எழுத்தின் அளவும் அப்போதுதான் பிடிபட்டது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் 'றீ' மேலே ஏறும், 'மு' கீழே இறங்கும். அதே உயரத்துக்குள் அடைத்தால் நடு உடம்பு சிறுத்துவிடும். தடித்த எழுத்துருவில் 'ண'வின் சுழி அடைத்துக்கொண்டு 'ன' மாதிரி ஆகிவிடும். ஆகவே எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனைக் குறைத்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டேன். டியூப்லைட் கூசாமல் இருக்க மேட் லேமினேஷன்.

நீளமான வராண்டாவில் பாதி தூரம் போனவர்கள் தப்பாக வந்துவிட்டோமோ என்று திரும்பி வந்தார்கள். எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்தது. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். வாந்தி வருகிற குழந்தையிடம்கூட இன்னும் ஏழுதான் சாமி என்று சொல்லிவிடலாம். அதேபோல வராண்டா நடுவில் 'ரத்தப் பரிசோதனை: இன்னும் 3 கதவு தாண்டி' என்று வைத்தோம். திரும்பி வருவது நின்றது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. என் நோட்டில் மூன்று நாளும் பதிவான ஒரு கேள்வி, "பாடி எங்கங்க குடுப்பாங்க?" அதைக் கேட்டவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். அதற்குப் பலகை வேண்டாம், மற்ற நோயாளிகள் பயப்படுவார்கள் என்றது நிர்வாகம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அழுத கண்ணோடு நாலு பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு வாரம் பேசினோம். பிறகு, பின்கேட்டில் மட்டும், ஓபி பக்கம் கண்ணில் படாதபடி, சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று வைக்கச் சம்மதித்தார்கள். 'பிணவறை' என்று ஒரு சொல், ஓர் அம்பு. ராத்திரியிலும் தெரியும்படி மேலே ஒரு விளக்கு கேட்டேன், போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பலகைக்கு மட்டும் பையன்களை அனுப்பவில்லை. ஏணி வைத்து நானே ஏறி மாட்டினேன்.