நோகாத கட்டி

ஒக்டோபர் 9, வியாழன்

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இன்று குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிஸ்ஸி என்று அழைப்பவர், வந்திருந்தார். காலபோக விதைப்பு தொடங்கிவிட்டதால் பாதிப் பேர் வயலில் நின்றார்கள். வந்தவர்களும் மார்பகப் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இலங்கைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான் என்று மிஸ்ஸி சொல்லி முடிக்கவில்லை, பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "நோவு ஒன்றும் இல்லையென்றால் எதற்கு மிஸ்ஸி போய்க் காட்ட வேண்டும்?"

எங்கள் பக்கத்தில் நோய்க்கு அளவுகோல் நோவுதான். நொந்தால் பனடோல், இன்னும் நொந்தால் வைத்தியசாலை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. தோல் தோடம்பழத் தோல்போலக் குழிவிழலாம், முலைக்காம்பு உள்ளே இழுபடலாம், காம்பிலிருந்து இரத்தம் கசியலாம், அக்குளில் திரட்சி தட்டுப்படலாம், ஒரு மார்பின் அளவு புதிதாக மாறலாம். எதுவும் நோகாமலே நடக்கலாம். தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் மிஸ்ஸி அழுத்திச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் சிலர் நிமிர்ந்தார்கள்.

ஒக்டோபர் 11, சனி

பக்கத்து வளவு அக்கா கிணற்றடியில் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் மேற்பக்கத்தில், அக்குளை ஒட்டி வைத்தார். பழைய தழும்புக்குச் சற்றுக் கீழே உருண்டையாக ஒன்று இருந்தது.

"இது செல் துண்டு, பிள்ளை. மாத்தளனில் பட்டது. பதினாறு வருடமாக என்னோடுதான் இருக்கிறது."

"போன வருடமும் இவ்வளவு இருந்ததா அக்கா?"

பதில் இல்லை.

வன்னியில் எத்தனையோ பெண்களின் உடம்பில் போரில் வெடித்த எறிகணைகளின் துண்டுகள், நாங்கள் சொல்லும் செல் துண்டுகள், இருக்கின்றன. எடுக்கப் போனால் நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ ஆபத்து என்று வைத்தியர்களே விட்டுவைத்தவை. அதனால் உடம்பில் எது தட்டுப்பட்டாலும் 2009 போரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். துண்டு இருக்கும் இடத்தில் தழும்பு தடிக்கலாம், சீழ் கட்டலாம், உண்மைதான். ஆனால் வளர்ந்துகொண்டே போகும் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. தடவிப் பார்த்து இது செல், இது கட்டி என்று பிரித்துச் சொல்ல அக்காவாலும் முடியாது, என்னாலும் முடியாது.

அவருக்கு வேறொரு பயமும் இருக்கிறது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். "தாய்க்குப் புற்றுநோய் என்றால் யார் பிள்ளை எங்கள் படலையைத் திறந்து வருவார்கள்?" அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் அக்கா மேல் அல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்த மரபணுக் கோளாறால் வருகிறது. பெண் கேட்டு வருகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டாலும் ஒரு தாயின் உயிரை அவர்களுக்காகப் பணயம் வைக்க முடியாது.

ஒக்டோபர் 15, புதன்

சுகவனிதையர் கிளினிக். 1996 முதல் நாட்டில் நடந்துவரும் இலவசச் சேவை இது. 35, 45 வயதுப் பெண்களைத்தான் முக்கியமாக அழைக்கிறார்கள், சந்தேகம் உள்ள மற்றவர்களும் போகலாம். இரத்த அழுத்தம், சீனி, கர்ப்பப்பைக் கழுத்து, மார்பகம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அக்காவுக்கு 52 வயது. நான் முதலில் போனால் தானும் வருவதாகச் சொன்னார். போனேன்.

திரைக்குப் பின்னால் பெண் வைத்தியர். மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் சிறு வட்டங்களாக அழுத்தி, காறை எலும்பிலிருந்து அக்குள் வரை ஓர் இடமும் விடாமல் பார்த்தார். அக்காவிடம் கூடுதல் நேரம் எடுத்தார். கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தார்.

மமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே இல்லாத ஊரில் கையால் தடவி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மும்பையைச் சொல்வேன். அங்கே சேரிகளில் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை இலட்சம் பெண்களை வைத்து 20 ஆண்டுகள் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அவர்களிடம் நோய் முந்திய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. முடிவு 2021இல் வெளிவந்தது. எங்கள் மிஸ்ஸிமாரின் கைகளை நான் நம்புவதற்கு இது போதும்.

ஒக்டோபர் 22, புதன்

அக்கா வாய் திறக்காததால் உடம்பில் செல் துண்டு இருப்பதைக் கிளிநொச்சி டொக்டரிடம் நானே சொன்னேன். கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி அது. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதன் காந்தம் இரும்பை அசைத்துவிடக்கூடும். எக்ஸ்ரேக்கும் மமோகிராமுக்கும் அந்தப் பயம் இல்லை.

மமோகிராம் படத்தில் துண்டு தோளருகே பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. கட்டி இருந்தது வேறோர் இடத்தில். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊசியால் சதை எடுக்க வேண்டும் என்றதும் பின்வாங்கினார். ஊசி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அதற்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்று விளக்கினார். அந்தப் பொறுமைக்கு நன்றி. அக்கா சம்மதித்தார்.

முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று தெரிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. கிழமைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

புற்றுநோய்தான். இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஸ்கானில் அக்குளின் நிணநீர்க் கணுக்களில் பரவியதாகத் தெரியவில்லை.

சிகிச்சைக்குத் தெல்லிப்பழை. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை கால்நடையாக நடந்து நிதி திரட்டி உருவான புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. கொழும்புப் பக்கம் மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் மொழி தெரியாமல் அலைய வேண்டியதில்லை என்பதே அக்காவுக்குப் பெரிய ஆறுதல்.

மகள் தெளிவாக இருக்கிறாள். சம்பந்தக்காரருக்குத் தானே விடயத்தைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். தனக்கும் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்டாள். தாய்க்கு எந்த வயதில் வந்தது என்பதைச் சொல்லி மிஸ்ஸியிடம் பதிந்துகொள்ளும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார். தாய்க்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவே மகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்குவது வழக்கமாம்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் தாயும் மகளும் போகிறார்கள். மாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எதிர்வீட்டு மாமியும் தன் முதுகுக் காயத்தோடு சேர்த்து மார்பையும் காட்ட அடுத்த கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் போய் அவருடைய பெயரைக் கொடுக்க வேண்டும்.