134 பைட்டில் தாத்தா குரல் இல்லை

காசிமேட்டுப் பெரியவர்களின் பேச்சை நாங்கள் ஐந்து பேர் சில வருடங்களாகப் பதிவு செய்து வருகிறோம். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்கு அவர்கள் சொல்லும் பேர்கள், கட்டுமரம் கட்டிய விதம், வலை பின்னிய கதை எல்லாம் வேவ் ஃபைல்களாக இருக்கின்றன. மொத்தம் 38 ஜிபி. பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. தொலைந்தால் மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

ஒலியும் அதை எழுதிவைத்த குறிப்புகளும் ஒரே கிட் ரெப்போவில் (ஃபைல்களையும் அவற்றில் செய்த மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் களஞ்சியம்) இருந்தன. ஒலிக்கு மட்டும் கிட் எல்எஃப்எஸ், அதாவது பெரிய ஃபைல்களைத் தனியாக வைக்கும் வசதி. இதுவரை இடம் தந்த சர்வரை மூடப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. தண்டையார்பேட்டையில் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் வேறொரு சர்வர் கிடைத்தது. மாற்றுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது, கிளோன் --மிரர் என்று பழைய ரெப்போவை முழுதாக நகலெடுத்து, அப்புறம் புஷ் --மிரர் என்று அதைப் புது சர்வருக்கு அனுப்புவது. (புது ரெப்போ காலியாக இருக்க வேண்டும். அங்கே மட்டும் இருக்கும் கிளைகளை மிரர் புஷ் அழித்துவிடும்.) இரண்டே நிமிடத்தில் முடிந்தது. வியாசர்பாடியில் இருக்கும் அக்காவிடம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“தம்பி, தாத்தா குரல் வரலப்பா. ஃபைலத் தொறந்தா மூணு வரி இங்கிலீஷ்தான் இருக்கு.”

48 நிமிடப் பதிவு அது, 254 எம்பி இருக்க வேண்டும். அக்கா கணினியில் 134 பைட். முதல் வரியில் எல்எஃப்எஸ் வெர்ஷன், இரண்டாவதில் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-256 கைரேகை, மூன்றாவதில் உண்மையான ஃபைலின் அளவு. கிட் தன் வரலாற்றில் வைத்திருப்பது இந்தச் சீட்டை மட்டும்தான். சரக்கு தனிக் கிடங்கில் இருக்கிறது. நான் சீட்டுகளை மட்டும் அனுப்பியிருக்கிறேன். சில சர்வர்கள் இப்படி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எங்களுடையது பேசாமல் வாங்கிக்கொண்டது.

அக்கா கணினியில் எல்எஃப்எஸ்ஸே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைப் போட்டு ‘கிட் எல்எஃப்எஸ் புல்’ அடித்ததும் ஒலி வந்துவிட்டது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தியது. நான் அனுப்பாத 38 ஜிபி புது சர்வரில் எப்படி இருக்கும்? ‘கிட் எல்எஃப்எஸ் என்வ்’ அடித்துப் பார்க்கச் சொன்னேன். எல்எஃப்எஸ் ஒலியைத் தேடும் இடத்தைச் சொல்லும் எண்ட்பாயிண்ட் வரியில் பழைய சர்வரின் முகவரி. ரெப்போவுக்குள்ளேயே .எல்எஃப்எஸ்கான்ஃபிக் என்ற ஃபைலில் யாரோ என்றைக்கோ எழுதிவைத்தது. மூடப் போகிற இடத்திலிருந்துதான் குரல் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது என்று நம்பியிருந்தால், அவர்கள் சர்வரை நிறுத்துகிற அன்றைக்கு எல்லாப் பதிவும் மூன்று வரிச் சீட்டாக நின்றிருக்கும். அதை நினைத்து அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மிரர் ஃபோல்டருக்குள் போய் ‘கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல்’. இந்த --ஆல் மிக முக்கியம். அது இல்லாமல் அடித்தால் இப்போதைய கமிட்டுக்கு (கடைசியாகப் பதிந்துவைத்த நிலைக்கு) வேண்டியதுதான் வரும், நடுவில் மாற்றிய, நீக்கிய பழைய பதிவுகள் வராது. முழுதும் இறங்கிய பிறகு ‘கிட் எல்எஃப்எஸ் எஃப்எஸ்சிகே’ ஓடவிட்டேன். இப்போதைய கமிட்டில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் அதன் கைரேகையோடு சரிபார்க்கும். ஒன்றும் பழுதில்லை.

அப்புறம்தான் அந்த ஃபோல்டரின் கிட் கான்ஃபிக்கில் எல்எஃப்எஸ்.யூஆர்எல் என்பதைப் புது முகவரிக்கு மாற்றினேன். வரிசை மாறக் கூடாது. ஃபெட்ச் முடியும் முன் மாற்றினால் காலிக் கிடங்கில் தேடும். மாற்றாமலே புஷ் செய்தால் பழைய சர்வரையே கேட்கும், அது “எல்லாம் இருக்கிறது” என்று சொல்ல, ஒன்றுமே அனுப்பாமல் முடிந்துவிடும்.

‘கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல்’ ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. வந்ததும் அதே கமாண்டைத் திரும்ப அடித்தேன். போய்ச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பியது. விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் வண்டிச் சத்தம் கேட்கிற நேரத்தில் முடிந்தது.

பழைய முகவரி இருந்த .எல்எஃப்எஸ்கான்ஃபிக்கையும் நீக்கி கமிட் செய்தேன். அது இல்லாவிட்டால் ரெப்போ இருக்கும் சர்வரையே எல்எஃப்எஸ் கேட்கும். பழைய கமிட்டுகளுக்குப் போனால் அந்த ஃபைல் திரும்ப வரும் என்பதால், ஐந்து பேரும் அவரவர் கணினியில் புது முகவரியைப் பதிந்துகொண்டோம்.

அக்கா தன்னிடம் இருந்த ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக கிளோன் செய்தார். எண்ட்பாயிண்ட் வரியில் தண்டையார்பேட்டை முகவரி. ஃபைல் 254 எம்பி. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தார். தாத்தா இருமிவிட்டு, “கச்சான் அடிச்சா…” என்று ஆரம்பித்தார். 48 நிமிடமும் ஓடவிட்டுக் கேட்டோம். அதற்குப் பிறகுதான் பழைய இடத்துக்கு, எங்கள் ரெப்போவை நீக்கிவிடலாம் என்று எழுதினேன்.