பனை மாதிரி, ஆனால் பனை இல்லை

மார்த்தாண்டம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் முற்றத்தில் ஒரு சைக்கஸ் வைத்துவிடுகிறார்கள். பலரும் அதைக் குட்டிப் பனை என்றே நினைக்கிறார்கள். பனைக்கும் அதற்கும் நெருங்கிய சொந்தம் எதுவும் இல்லை. பனை பூத்துக் காய்க்கும். சைக்கஸுக்குப் பூவும் கிடையாது, பழமும் கிடையாது, விதை மட்டும்தான். இதைவிட விசேஷம், அதன் ஆணணு நீந்திப் போய்த்தான் கருமுட்டையைச் சேரும். 1896இல் ஜப்பானில் இக்கெனோ என்ற தாவரவியலாளர் இதைக் கண்டறிந்தார். விதையே இல்லாத பெரணிக்கும் இதே நீச்சல் உண்டு. விதை வந்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை பாருங்கள்!

சைக்கஸ் போலவே இலை கொண்ட இன்னொரு கூட்டம் அடியோடு அழிந்துவிட்டது. கல்லில் பதிந்த பழஞ்செடிகளை ஆராய்ந்த தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி அதைத்தான் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப் பாறைகளில் தேடினார். இலை தனி, தண்டு தனி, பூ போன்ற உறுப்பு தனி என்றுதான் அவை பாறையில் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர். எல்லாம் ஒரே செடியின் பாகங்கள் என்று காட்டி, 1932இல் வில்லியம்சோனியா சீவார்டியானா என்ற அந்தச் செடியை முழு உருவமாக வரைந்தே காட்டினார். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடி! லக்னோவில் அவர் தொடங்கிய தொல்தாவர ஆய்வு நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹ்னி இறந்துவிட்டார். அப்புறம் அதைத் தாங்கி நடத்தியவர் மனைவி சாவித்திரி.

நம்ம குமரி மலைகளில் இலைப் பதிவு தேடிப் பயனில்லை. பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறைகள் இவை. கல்லான மரம் பார்க்க ஆசைப்படுபவர்கள் விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்கு வண்டி ஏறலாம்.